அடர்த்தி படிப்படியாக ஏறுகிறது, ஓவர்

எங்கள் ஆலையில் பாகு காய்ச்சுகிறோம். மிட்டாய்க்காரர்களும் குளிர்பானக்காரர்களும் பீப்பாய் பீப்பாயாக வாங்கிப் போகிற சர்க்கரைப் பாகு. ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கிற இரும்புக் கொப்பரை, அதற்குள் சுருள் சுருளாக நீராவிக் குழாய், நடுவில் ஓயாமல் சுற்றுகிற துடுப்பு. தண்ணீர் ஆவியாகப் போகப் போகப் பாகு இறுகும். அதற்கு ஒரு எல்லை உண்டு. எல்லையில் இறக்கிவிட்டால் பாகு, விட்டுவிட்டால் பாறை. இதைத் தெரிந்துகொள்ள யாரும் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை. நான் பாதி தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து இங்கே இரவு ஷிப்டில் சேர்ந்தவன். போகாமலே இருந்திருக்கலாம்.

எல்லையைப் பார்க்க ஒரு கண்ணாடி மிதவை இருக்கிறது. கொப்பரையின் பக்கக் குழாயைத் திறந்து ஒரு நீளக் குவளையில் பாகைப் பிடித்து, மிதவையை உள்ளே விடுவோம். பாகு இறுக இறுக மிதவை மேலே எழும்பும். அதன் கழுத்தில் உள்ள கோட்டைப் பார்த்து, மேல்மாடிக் கட்டுப்பாட்டு அறைக்கு வாக்கிடாக்கியில் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் "ஏறுது" என்போம். அவசரம் என்றால், "விறுவிறுன்னு ஏறுது, ஆவியை நிறுத்து" என்போம். மேலே இருப்பவன் நிறுத்துவான். அவன் டீ குடிக்கப் போயிருந்தால் நாங்களே கொப்பரைப் பக்கத்துச் சக்கரத்தைத் திருகி நிறுத்திவிடுவோம். இத்தனை வருடமாகப் பாகு இதில் எந்தக் குறையும் சொன்னதில்லை.

பெரிய கம்பெனி ஒன்று எங்கள் பாகை மொத்தமாக வாங்கப் போவதாகப் பேச்சு வந்ததும் மேனேஜருக்குத் தூக்கம் போய்விட்டது. வாங்குகிறவர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள். தொழிலாளி வாயைத் திறந்தால் தரம் தெரிய வேண்டும் என்று அவருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து கொப்பரைத் தளத்தில் ஆங்கிலம்தான் பேச வேண்டும் என்று உத்தரவு. கைச் சக்கரத்துக்குச் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை மேலே கொண்டுபோனார்கள். கீழே இருந்து சரியான வாக்கியம் வந்தால்தான் மேலே இருப்பவர் வால்வைத் தொடுவார். அவர் தமிழர்தான். நாங்களும் தமிழர்கள்தான். நடுவில் ஒரு மாடிப்படி இருந்தது. அது போதுமாக இருந்தது.

மேலே இருக்கிற அந்த என்ஜினீயருக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஓவர்'. வாக்கிடாக்கியில் எதைச் சொன்னாலும் ஓவர் என்று முடிப்பார். கேன்டீனில் தண்ணீர் கேட்டபோதுகூட ஒருதரம் சொன்னதாகக் கேள்வி.

ஆங்கிலம் சொல்லித் தர ஒரு பயிற்சியாளர் வந்தார். நெற்றியில் துளி வியர்வை இல்லாமல் கொப்பரைத் தளத்தில் நின்ற ஒரே மனிதர் அவர்தான். காரணம், அவர் மின்விசிறிக்கு அடியைவிட்டு நகரவே இல்லை. பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை ஒன்றை ஆளுக்கொன்று கழுத்தில் மாட்டிவிட்டார். அதில் மூன்று வாக்கியங்கள். அடர்த்தி மெல்ல மெல்ல ஏறினால், 'தி டென்சிட்டி இஸ் இன்க்ரீசிங் கிராஜுவலி, வித்தின் தி அக்செப்டபிள் ரேஞ்ச்'. இதற்கு மேலே எதுவும் செய்ய மாட்டார்கள், ஏற்றுக்கொள்ளத்தக்க அளவுக்குள் இருக்கிறதே. தொடர்ந்து ஒரே சீராக ஏறினால், 'ஸ்டெடிலி'. பாதி ஆவியைக் குறைப்பார்கள். சடாரென்று ஏறினால், 'ஷார்ப்லி'. ஆவியை மூடித் தண்ணீரைத் திறப்பார்கள்.

அடர்த்தியைப் பற்றி அந்த மனிதருக்கு இருந்த அக்கறை பாகுக்கே கிடையாது. டென்சிட்டி இஸ் பிகமிங் டென்சர் என்று யாரோ சொன்னபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பாகுதான் டென்சர் ஆகும், டென்சிட்டி டென்சர் ஆகாது, அது ஹையர் ஆகும் என்று அரை நாள் விளக்கினார். டென்சிட்டி இஸ் வெரி ஃபாஸ்ட் என்றவனிடம், அது என்ன ஓட்டப் பந்தயமா என்று கேட்டார். மோர் அண்ட் மோர் திக் என்றவன் மதியம்வரை நின்றுகொண்டே இருந்தான். வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது கொப்பரையில் பாகு அதுபாட்டுக்கு இறுகிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க வேண்டியவன் நின்றுகொண்டிருந்தான்.

இந்தக் கூத்தில் மாட்டியவர் என் அத்தான். அக்காவைக் கட்டியவர், பகல் ஷிப்டில் கொப்பரைக்காரர். வருகிறவர்கள் முன்னால் யார் நன்றாகப் பேசுகிறாரோ அவர் சூப்பர்வைசர் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். சூப்பர்வைசருக்கு ஆலைக் குடியிருப்பில் வீடு. இரண்டு அறை, தனிச் சமையலறை, வீட்டுக்குள்ளேயே குழாய்.

நாங்கள் அப்போது இருந்தது ஒரே அறை, ஓரத்தில் ஒரு அடுப்படி. அக்கா, அத்தான், இரண்டு பிள்ளைகள், நான். காலையில் நான் வேலையிலிருந்து வரும்போது அவர்கள் எழுந்து சுருட்டின பாயை நான் விரிப்பேன். பாய் சூடாகவே இருக்கும். நான் தூங்கும்போது அக்கா என் காலைத் தாண்டித் தாண்டி அடுப்படிக்குப் போவாள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் என் முதுகில் வைத்து வீட்டுப்பாடம் எழுதுவார்கள். அவர்கள் குடியிருப்புக்குப் போய்விட்டால் இந்த அறை எனக்கு. ஆகவே அத்தான் ஆங்கிலம் பேச வேண்டும் என்பதில் அக்காவுக்கு அடுத்தபடி அக்கறை உள்ளவன் நான்தான். பாசம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அத்தான் முகம் மழிக்கும்போது, சட்டை மாட்டும்போது, கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் என்று எந்நேரமும் முதல் வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். 'கிராஜுவலி'யில் ஆரம்பத்தில் நாக்கு வழுக்கியது. பிறகு பிடித்துக்கொண்டது. 'அக்செப்டபிள்' வந்ததும் முகத்தில் ஒரு பிரகாசம் வரும். ஒரு காலையில் பாயில் படுக்கப் போன என்னை உட்கார வைத்தார்.

"மச்சான், ஒரு தடவ சொல்றேன். எங்கயாவது இடறுதான்னு பாரு."

சொன்னார். இடறவே இல்லை. அவ்வளவு நன்றாகச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"மத்த ரெண்டையும் சொல்லுங்க அத்தான்."

"அது எதுக்கு?"

"அட்டையில இருக்கே."

"அது வாய்ல நிக்க மாட்டேங்குதுடா. இது நல்லா வருது. நல்லா வர்றதத்தான சொல்லணும்?"

"பாகு எப்படி ஏறுதோ அதச் சொல்லணும்."

அடுப்படியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். "நீ பெரிய பட்டம் வாங்கிக் கிழிச்சவன் பாரு. அந்த மனுஷன் ஒண்ணையாவது முழுசா முடிச்சிருக்காரு. நீ எத முடிச்ச?"

நான் பாயில் படுத்துக்கொண்டேன். அக்கா என் காலைத் தாண்டிப் போனாள்.

ஒத்திகை நடந்த நாளில் மேனேஜரும் வந்து நின்றார். எல்லாருக்கும் ஒரு வாய்ப்பு. ஒருவன், பாவம், அட்டையில் இருக்கிறதே என்று, 'இன்க்ரீசிங் ஷார்ப்லி' என்று சொல்லிவிட்டான். மேனேஜர் பல்வலி வந்தவர் போல முகத்தைச் சுளித்தார். வாங்க வருகிறவர்கள் காதில் அந்த வார்த்தை விழுந்தால் என்ன நினைப்பார்கள் என்று பயிற்சியாளரிடம் கேட்டார். பயிற்சியாளரும் யோசித்துப் பார்த்துவிட்டு, இலக்கணப்படி சரிதான், ஆனால் தொனி நன்றாக இல்லை என்று ஒத்துக்கொண்டார். அன்றைக்கு அந்த வார்த்தை வேண்டாம் என்று முடிவாயிற்று. 'ஸ்டெடிலி'யும் கொஞ்சம் கவலை தருகிற மாதிரி இருப்பதாக மேனேஜர் சொன்னதால் அதுவும் போனது.

"அப்ப, நெஜமாவே ஏறிடுச்சுன்னா சார்?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

"ஏறாது," என்றார் மேனேஜர். "அன்னிக்கு எல்லாமே கிராஜுவலிதான்."

எங்களுக்குப் பின்னால் கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. அதனிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. அத்தான் மட்டும் முகம் மலர்ந்து நின்றார். மற்ற இரண்டும் ஒழிந்ததில் அவருக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது.

வருகிறவர்கள் வந்த அன்று காலை, இரவு ஷிப்ட் முடிந்த என்னைப் போகவிடாமல் நிறுத்திவைத்தார்கள். குவளை பிடிக்க ஒரு ஆள் வேண்டும், கைநடுக்கம் இல்லாத ஆளாக இருக்க வேண்டும். தூக்கம் இல்லாதவனுக்கு ஏது நடுக்கம், அசையவே தெம்பிருக்காது. அத்தானுக்குத் தோய்த்துத் தேய்த்த சட்டை. கழுத்தில் அட்டை. அக்கா அவர் தலையைத் தண்ணீர் தொட்டு வாரி அனுப்பியிருந்தாள். தளத்தைக் கழுவி, சங்கிலிக்கும் பூட்டுக்கும்கூட வண்ணம் அடித்திருந்தார்கள்.

மூன்று பேர் வந்தார்கள். வெள்ளைத் தொப்பி, புதுக் காலணி. நடுவில் வந்த நரைத்த தலைக்கார அம்மாள்தான் முடிவெடுப்பவர் என்று மேனேஜர் குனிந்த குனிவிலேயே தெரிந்தது. பயிற்சியாளர் மின்விசிறிக்கு அடியில் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டார்.

நான் குழாயைத் திறந்து குவளையைப் பிடித்தேன். பாகு விழுந்த விதமே சரியில்லை. நூல் மாதிரி விழ வேண்டியது கயிறு மாதிரி விழுந்தது. நீர்த்த பாகு உள்ளே வருகிற குழாயில் எங்கேயோ வடிகட்டி அடைத்திருக்க வேண்டும். புதுசாக எதுவும் உள்ளே வரவில்லை, இருப்பது மட்டும் கொதித்துக் குறுகிக்கொண்டிருந்தது. மிதவையை விட்டேன். விட்ட இடத்திலேயே எழுந்து நின்றது.

அத்தான் கோட்டைப் பார்த்தார். அவருக்குத் தெரியாமல் இல்லை. இந்தக் கொப்பரையோடு அவர் குடித்தனம் நடத்தின வருடம் அக்காவோடு நடத்தினதைவிட அதிகம். ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு பொத்தானை அழுத்தி, தொண்டையைச் செருமி, சொன்னார்.

"தி டென்சிட்டி இஸ் இன்க்ரீசிங் கிராஜுவலி, வித்தின் தி அக்செப்டபிள் ரேஞ்ச். ஓவர்."

ஒரு எழுத்து பிசகவில்லை. மேலே இருந்து, கேட்டுக்கொண்டதற்கு அடையாளமாக, காப்பி, தேங்க் யூ, ஓவர் என்று பதில் வந்தது. நரைத்த தலைக்கார அம்மாள் புருவத்தை உயர்த்தி மேனேஜரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மேனேஜர் ஒரு சுற்றுப் பெருத்தார்.

நான் குவளையைக் கொட்டிவிட்டு மறுபடி பிடித்தேன். கொட்டவே நேரமாயிற்று, பாகு குவளையைவிட்டு வர மனசில்லாமல் ஒட்டிக்கொண்டு வந்தது. மிதவை இந்த முறை முங்கவே இல்லை.

அவர் காதோரம் சொன்னேன். "அத்தான், ஷார்ப்லி."

"தெரியும்டா," என்றார், உதடு அசையாமல். "இவங்க போகட்டும். ரெண்டு நிமிஷம்."

"ரெண்டு நிமிஷம் தாங்காது."

"தாங்கும். நீ கொவளையப் புடி."

மறுபடியும் அதே வாக்கியம். முதல் முறையைவிட அழகாக வந்தது. பயம் இருந்ததால் நிதானமாகச் சொன்னார், அது கம்பீரமாகக் கேட்டது. பயிற்சியாளர் கண்ணை மூடி ரசித்தார். அவர்கள் போயிருந்தால் பிழைத்திருப்போம். ஆனால் அந்த அம்மாளுக்கு அத்தான் பேசினது பிடித்துவிட்டது. அருகில் வந்து, இன்னொரு முறை அளந்து காட்ட முடியுமா என்று கேட்டார். பேச்சு நன்றாக இருந்ததால் நின்றார்கள், நின்றதால் அத்தானும் அதையே பேச வேண்டியிருந்தது. கேட்பவருக்கும் சொல்பவருக்கும் நடுவில் பாகு இறுகிக்கொண்டிருந்தது.

மூன்றாம் முறை நான் குழாயைத் திறந்தபோது ஒன்றும் விழவில்லை. வாயில் ஒரு உருண்டை எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றது. அத்தான் பழைய குவளையையே தூக்கிப் பிடித்துக் கோட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்து, படிப்படியாக ஏறுகிறது, ஏற்றுக்கொள்ளத்தக்க அளவுக்குள் இருக்கிறது என்று மூன்றாம் முறையும் மேலே தெரிவித்தார். கொப்பரைக்குள் துடுப்பு முனகியது. அந்த அம்மாள் அத்தானிடம் கை நீட்டினார். அத்தான் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு குலுக்கினார். அவர் கண் மட்டும் கொப்பரைமேல் இருந்தது.

அவர்கள் கதவைத் தாண்டியதுதான் தாமதம், அத்தான் வாக்கிடாக்கியில் தமிழில் கத்தினார். "ஆவிய நிறுத்துங்க சார், இறுகிப் போச்சு."

மேலே இருந்து நிதானமாகப் பதில் வந்தது. "ப்ளீஸ் யூஸ் தி ஸ்டாண்டர்ட் ஃபிரேஸ். ஓவர்."

அத்தான் அட்டையைப் புரட்டினார். மூன்றாம் வாக்கியம். வாயில் வரவில்லை. நான் வாக்கிடாக்கியைப் பிடுங்கிச் சொன்னேன், ஆவி நின்றது. துடுப்பு அதற்கு முன்பே நின்றுவிட்டது.

கருகின வாடை அலுவலகம்வரை போயிருக்கிறது. மேனேஜர் அதைக் கேரமல் என்று சொல்லிச் சமாளித்ததாகவும், நன்றாக இருக்கிறதே என்று அவர்கள் மூச்சை இழுத்துக்கொண்டதாகவும் டீ கொண்டுபோனவன் சொன்னான்.

விசாரணை என்று ஒன்று நடந்தது. வாக்கிடாக்கிப் பேச்செல்லாம் பதிவாகியிருந்தது. போட்டுக் கேட்டார்கள். பயிற்சியாளர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையசைத்து, பிழை எதுவும் இல்லை என்று சான்று சொன்னார். கடைசியில் தமிழில் கத்தினது மட்டும் விதிமீறல். அது என்னவோ அத்தான் குரல் மாதிரி இல்லை என்று மேனேஜரே சொல்லிவிட்டார். ஓவரிடம், துடுப்பு திணறுவது மேலே சிவப்பு விளக்கில் தெரிந்திருக்குமே என்று யாரோ கேட்டதற்கு, தெரிந்தது, ஆனால் கீழே இருந்து வாக்கியம் வரவில்லை என்றார். அவர் சொன்னதிலும் பிழை இல்லை. கடைசியில் கொப்பரைக்கு வயதாகிவிட்டது என்று தீர்ப்பானது. அது ஒன்றுக்குத்தான் ஆங்கிலம் தெரியாது, மறுத்துப் பேச.

வாங்குகிற கம்பெனியிலிருந்து சேதி வந்தது. கொப்பரைத் தளத்தில் தகவல் பரிமாற்றம் மிகச் சிறப்பு, குறிப்பாக அந்த ஆபரேட்டர். அத்தான் சூப்பர்வைசர் ஆனார். குடியிருப்பில் வீடும் கிடைத்தது. சேதி வந்த நாளில் அக்கா அழுதாள். என் காலைத் தாண்டும்போது முதல்முறையாக, தூங்குடா என்று சொல்லிவிட்டுத் தாண்டினாள்.

கொப்பரை அப்படியே நின்றது. வெந்நீர் விட்டு ஊறவைத்துப் பார்த்தார்கள், மேல்தோல்தான் கரைந்தது. அடியில், சுருள் குழாய்களுக்கு நடுவில் கருகிக் கெட்டித்தது வெந்நீருக்கு மசியவில்லை. ஆள் இறங்கி உளியால் கொத்தத்தான் வேண்டும். குழாய்க்கும் சுவருக்கும் இடையில் ஒரு ஆள் ஒடுங்கி உட்காரலாம். மூன்று பேரை இறக்கினார்கள். ஒருவன் முழங்கை மற்றவன் விலாவில். யார் யார் இறங்குவது என்று ஷிப்ட் போடுவது புது சூப்பர்வைசரின் முதல் வேலை. வேறு யாரைப் போட்டாலும் முணுமுணுப்பார்கள், நம்ம பையன் என்றால் ஒன்றும் சொல்ல மாட்டான் என்று, இரவு முடிந்து பகலுக்கும் என்னையே போட்டார்.

ஒரு காலையில் மேல்வாய்க்கு வந்து குனிந்து பார்த்தார். புதுச் சட்டை, பையில் பேனா. பேனா எதற்கென்று தெரியவில்லை.

"உள்ள ரொம்ப மோசமா மச்சான்?"

"எறங்கி வந்து பாருங்க."

சட்டையை ஒரு முறை பார்த்துக்கொண்டார். "அன்னிக்கு நீ சொன்ன," என்று ஆரம்பித்து நிறுத்தினார். நான் உளியைக் கீழே வைக்கவில்லை. அப்போது வாக்கிடாக்கி கரகரத்தது. கொப்பரையின் நிலை என்ன, ஓவர். அத்தான் நிமிர்ந்து நின்றார். இதற்கென்று பயிற்சியாளர் புது அட்டை ஒன்று எழுதிக் கொடுத்திருந்தார்.

"தி டென்சிட்டி இஸ் ஸ்டேபிள். ஓவர்."

காப்பி, எக்சலன்ட், ஓவர் என்றது மேலே. என் பக்கத்தில் ஒடுங்கியிருந்தவன், என்ன சொல்றாரு என்று கேட்டான். அடர்த்தி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லையாம் என்றேன். உளியால் அடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, சரியாத்தான் சொல்றாரு என்றான். அத்தான் வேலைநேரத்தில் பேசின ஆங்கிலத்தில் உண்மையான முதல் வாக்கியம் அதுதான்.

அவர் பையைத் துழாவி எதையோ எடுத்துக் கீழே போட்டார். குழாயில் பட்டு என் மடியில் விழுந்தது. பழைய அறையின் சாவி.

"உங்க அக்கா குடுக்கச் சொன்னா. நேத்தே மாறிட்டோம். பாயும் உனக்கே விட்டுட்டுப் போயிருக்கா."

அறை முழுக்க எனக்கு. யார் காலும் தாண்டாது, பாயும் குளிர்ந்து கிடக்கும். போய்ப் படுக்க அவர் போட்ட ஷிப்டில்தான் இடம் இல்லை. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் இருந்தவனின் முழங்கையைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, உளியை வைத்து அடித்தேன். நகத்தளவு பெயர்ந்தது.